சிங்னு பேர் பார்த்தா எப்படி புரிஞ்சுக்கறது?

சிங்னு பார்த்ததும் சீக்கியர்னு முடிவு பண்ணிடாதீங்க. 1699ல குரு கோவிந்த் சிங், சீக்கிய ஆண்களுக்கு சிங்னு பேர் கொடுத்த கால்சாங்கற சீக்கிய அமைப்பை ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே ராஜபுத்திரங்க அந்த பேரை வெச்சுக்கிட்டுதான் இருந்தாங்க. முன்னாள் பிரதமர்களையே பாருங்க, மன்மோகன் சிங் சீக்கியர், வி.பி.சிங் ராஜபுத்திரர், சரண் சிங் ஜாட்.

அதனால முதல்ல எந்த ஊர்னு பாருங்க, அப்புறம் சிங்குக்கு முன்னாடி பின்னாடி என்ன இருக்குனு பாருங்க. மகேந்திர சிங் தோனில குடும்பப் பேர் கடைசில இருக்கு, மணிப்பூர் மெய்தேய் மக்கள்ல அது முதல்லயே வந்துடும், நோங்தோம்பம் பிரேன் சிங்ல நோங்தோம்பம்தான் குடும்பப் பேர், இது எனக்கு ரொம்ப பிடிச்ச வழக்கம்.

யாருக்காவது ஃபார்ம் நிரப்பறீங்கன்னா சர்நேம் கட்டத்துல நீங்களா சிங்னு போடாம அவங்க பாஸ்போர்ட்ல எப்படி இருக்கோ அப்படியே போடுங்க. சாதி கண்டுபிடிக்க மட்டும் இதை யூஸ் பண்ணாதீங்க ப்ளீஸ்.