தூக்கிட்டு நின்னா வேலை இல்லையா? விசை, ஆற்றல் பாடத்துல பசங்க மாட்டிக்கற இடங்கள்

ஆறாவதுல இருந்து எட்டாவது வரைக்கும் சயின்ஸ் டியூஷன் எடுக்கறேன், வருஷா வருஷம் பசங்க மாறுறாங்க, தப்பு மட்டும் அப்படியே இருக்கு. ட்ராலி, பந்து, கார்னு கேட்டா ஃபார்முலாவ போட்டு எப்படியோ தப்பிச்சுக்கறாங்க, அதே கேள்விய மனுஷன், மாடு, மரம்னு மாத்தி கேட்டா அங்கதான் விழறாங்க. பசங்கள குத்தம் சொல்ல முடியாது, நம்ம பேச்சுலயே "உடம்புல சக்தியே இல்ல", "இன்னும் பலமா தள்ளு", "எனர்ஜி போச்சு", "தண்ணி ஃபோர்ஸா வருது"ன்னு எல்லாத்தையும் ஒரே குழம்பா ஊத்தி வச்சிருக்கோம். புக்குல விசை தனி, வேலை தனி, ஆற்றல் தனி, திறன் தனி. எங்கெங்க மாட்டிக்கறாங்கன்னு ஞாபகம் வர்ற வரிசையில எழுதறேன், அப்பா அம்மா படிச்சாலும் சரி, பசங்களே படிச்சாலும் சரி.

மொதல்ல வேலை. போன வாரம் ஏழாவது படிக்கற பையன் ஒருத்தன எழுப்பி, ஒரு லிட்டர் தண்ணி பாட்டில கையில குடுத்து, கைய நேரா நீட்டி அசையாம புடிடான்னு சொன்னேன். அரை நிமிஷம் சிரிச்சுட்டே நின்னான். ஒரு நிமிஷம் ஆனதும் சிரிப்பு போச்சு, அப்புறம் பாட்டிலுக்குள்ள தண்ணி மேல் மட்டம் லேசா நடுங்க ஆரம்பிச்சுது, கொஞ்ச நேரத்துல தோள்பட்டை தூக்கிக்கிச்சு, "மிஸ் போதும் மிஸ்"னான். இப்ப பாட்டில் மேல எவ்ளோ வேலை செஞ்சன்னு கேட்டேன். "நெறைய மிஸ்." பூஜ்யம்டான்னு சொன்னதும் மூஞ்சி விழுந்துடுச்சு பாவம். வேலைன்னா விசைய அந்த விசையோட திசையில நகர்ந்த தூரத்தால பெருக்கறது, பாட்டில் எங்கயும் நகரல, அதனால பூஜ்யம். இது வரைக்கும் பாதி பேர் சரியா எழுதிடுவாங்க. அடுத்த வரியிலதான் விழுவாங்க: "வேலை பூஜ்யம், அதனால ஆற்றலும் செலவாகல." அப்ப ஏன்டா கை நடுங்குச்சு?

சுவத்துல அடிச்ச ஆணி ஸ்கூல் பைய ராத்திரி முழுக்க தாங்கும், அதுக்கு காலையில இட்லி போட வேண்டாம். மசில் ஆணி மாதிரி பூட்டிக்கிட்டு நிக்காது. உள்ள இருக்கற பொடி இழைங்க ஒண்ண ஒண்ணு புடிச்சு இழுத்து, விட்டு, மறுபடி புடிச்சு இழுத்துன்னு நிக்காம பண்ணிட்டே இருக்கும், கயிறு இழுக்கற போட்டியில கை மாத்தி மாத்தி புடிப்போமே அந்த மாதிரி. ஒவ்வொரு இழுப்புக்கும் சாப்பாட்டுல இருந்து வந்த ஆற்றல் கொஞ்சம் செலவாகுது, அது கடைசியில சூடா வெளிய வருது. பரீட்சையில ரெண்டையும் எழுதணும், பாட்டில் மேல செஞ்ச வேலை பூஜ்யம், உடம்புக்குள்ள ஆற்றல் செலவாச்சு.

மசில்னு ஆரம்பிச்சதும் இன்னொண்ணு. "மசில் இழுக்கும், தள்ளும்"னு எழுதற பசங்க நெறைய. மசிலுக்கு தள்ளவே தெரியாது, இழுக்க மட்டும்தான் தெரியும். நம்பலன்னா இப்பவே டேபிள்கிட்ட உக்காந்து, உள்ளங்கைய டேபிளுக்கு அடியில வச்சு மேல தூக்கற மாதிரி அழுத்துங்க, இன்னொரு கையால மேல்கைய தொட்டு பாருங்க, முன்பக்கம் கல்லு மாதிரி இறுகியிருக்கும், அது இருதலைத் தசை. இப்ப அதே உள்ளங்கைய டேபிள் மேல வச்சு கீழ அழுத்துங்க, முன்பக்கம் தளர்ந்து பின்பக்கம் இறுகும், அது முத்தலைத் தசை. கதவ தள்ளும்போது கூட உள்ள ஏதோ ஒரு மசில் எலும்ப இழுத்துட்டுதான் இருக்கு. அதனாலதான் ஜோடி ஜோடியா இருக்கு, ஒண்ணு மடக்கும், ஒண்ணு நீட்டும்.

நெம்புகோல் பாடம் படிச்ச பசங்க "நெம்புகோல் எப்பவும் நம்ம விசைய மிச்சப்படுத்தும்"னு எழுதிட்டு வருவாங்க. கடப்பாரைக்கு சரி. நம்ம முழங்கைக்கு அப்படியே தலைகீழ். முழங்கைய மடக்கி, முன்கைய தரைக்கு இணையா வச்சு அந்த ஒரு லிட்டர் பாட்டில புடிச்சிருக்கீங்கன்னு வைங்க. பெரியவங்க கையில இருதலைத் தசை எலும்போட ஒட்டற இடம் முழங்கை மூட்டுல இருந்து சுமார் 4 செ.மீ. தான், பாட்டில் இருக்கறது 32 செ.மீ. தள்ளி. அதாவது 8 மடங்கு. பாட்டிலோட எடை சுமார் 10 நியூட்டன்னா (நியூட்டன்ங்கறது விசைய அளக்கற அலகு) தசை 80 நியூட்டன் இழுக்கணும், கையோட சொந்த எடைய இதுல சேக்கவே இல்ல. அப்ப உடம்பு ஏமாந்துடுச்சான்னு ஒரு பொண்ணு கேட்டா, நல்ல கேள்வி. விசையில நஷ்டம், வேகத்துல லாபம். தசை ரெண்டு மூணு செ.மீ. சுருங்கினாலே கை நுனி அதே நேரத்துல 8 மடங்கு தூரம் வீசிட்டு போகும், மாங்காய்க்கு கல்லு விட்டெறியறது இதை நம்பித்தான்.

எடை நிறை குழப்பத்துக்கு ரொம்ப நேரம் செலவு பண்ண மாட்டேன், கடையில "எடை 40 கிலோ"ன்னுதான் சொல்வோம், பரீட்சையில 40 கிலோகிராம் நிறை, எடை சுமார் 392 நியூட்டன். நிறைன்னா உள்ள எவ்ளோ பொருள் இருக்குங்கறது, எடைன்னா அத புவியீர்ப்பு இழுக்கற விசை, நிறைய 9.8ஆல பெருக்கினா வரும். நிலாவுக்கு போனா நிறை அதே 40, எடை ஆறுல ஒரு பங்கு.

உராய்வுல வர்ற தப்பு கொஞ்சம் சுவாரஸ்யமானது. உராய்வு எப்பவும் நகர்றதுக்கு எதிரா இருக்கும்னு மனப்பாடம் பண்ணிட்டு வந்து, நடக்கறவர் படத்துல அம்புக்குறிய பின்பக்கமா போட்டுடுவாங்க. கால் தரைய பின்னாடி தள்ளுது, வழுக்கினா கால் பின்பக்கம்தான் போகும், அந்த வழுக்கல தடுக்கற உராய்வு முன்பக்கம் இருக்கும், நம்மள முன்னாடி தள்றதே அதுதான். பாசி புடிச்ச குளத்துப் படியில வேகமா நடந்து பாருங்கன்னு சொல்ல மாட்டேன், ஆனா நடக்க முடியாததுக்கு காரணம் அதுதான், அங்க நம்மள முன்னாடி தள்ள ஆள் இல்ல.

இதோட கூடப்பிறந்தது மாட்டு வண்டி கேள்வி. மாடு வண்டிய எவ்ளோ விசையோட இழுக்குதோ அதே விசையோட வண்டியும் மாட்ட பின்னாடி இழுக்குது, நியூட்டனோட மூணாவது விதி, ரெண்டும் சமம், அப்ப வண்டி எப்படி நகருது? பாதி கிளாஸ் "மாட்டுக்கு பலம் ஜாஸ்தி மிஸ்", மீதி கிளாஸ் "ரெண்டும் கேன்சல் ஆயிடும் மிஸ், நகராது". ரெண்டுமே தப்பு. நான் சொல்றது, ரெண்டு பேர் கணக்க ஒரே நோட்டுல எழுதாதீங்க. வண்டி நோட்டுல மாடு முன்னாடி இழுக்கறது, சக்கரத்துல உராய்வு பின்னாடி இழுக்கறது, இவ்ளோதான். மாட்டு நோட்டுல குளம்பு தரைய பின்னாடி உதைக்க, தரை மாட்ட முன்னாடி தள்றது ஒண்ணு, வண்டி பின்னாடி இழுக்கறது ஒண்ணு. முன்னாடி தள்றது பின்னாடி இழுக்கறத விட ஜாஸ்தின்னா கிளம்பிடும். சேத்துல வண்டி மாட்டினா மாட்டுக்கு பலம் குறைஞ்சு போகல, குளம்புக்கு புடிப்பு இல்ல, சக்கரமும் புதைஞ்சிருக்கு.

நீளம் தாண்டறவங்கள பத்தி கேட்டா "கால் குடுத்த விசை காத்துல இருக்கும்போதும் கூடவே இருக்கும், அது தீர்ந்ததும் விழுவாங்க"ன்னு எழுதறாங்க. பெட்ரோல் தீர்ற மாதிரி. கால் தரைய விட்டதும் கால் குடுத்த விசை முடிஞ்சு போச்சு, அப்புறம் புவியீர்ப்பு விசையும் கொஞ்சம் காத்தோட எதிர்ப்பும் மட்டும்தான், கூட இருக்கறது வேகம். காத்துல சைக்கிள் ஓட்டற மாதிரி கால சுத்தறாங்களே, அது தூரமா தள்றதுக்குன்னு நினைச்சுக்காதீங்க, உடம்பு முன்பக்கமா கவுந்துடாம இருக்கறதுக்கு.

வேகம்னா எல்லாருக்கும் உடனே சிறுத்தை ஞாபகம் வந்துடும். அங்கயே ஒரு தப்பு, உலகத்துலயே வேகமா ஓடற மிருகம் சிவிங்கிப்புலி, நம்ம காட்டுல இருக்கற சிறுத்தை வேற மிருகம், 2022ல நமீபியால இருந்து மத்தியப் பிரதேசம் குனோவுக்கு 8 கொண்டு வந்தாங்களே அதுதான் சிவிங்கிப்புலி. அமெரிக்காவுல சின்சினாட்டி மிருகக்காட்சி சாலையில இருந்த சாராங்கற சிவிங்கிப்புலி 2012ல 100 மீட்டர 5.95 செகண்ட்ல ஓடுச்சு. வகுத்து பாருங்க, செகண்டுக்கு 16.8 மீட்டர், அதாவது மணிக்கு சுமார் 60 கி.மீ. "இவ்ளோதானா, நூறுக்கு மேலன்னு சொன்னாங்களே"ன்னு பசங்க ஏமாந்துடுவாங்க. இது சராசரி வேகம், நின்ன இடத்துல இருந்து கிளம்பின நேரமும் இதுக்குள்ள இருக்கு. உசைன் போல்ட் 2009ல 9.58 செகண்ட்ல ஓடினதுக்கும் சராசரி போட்டா மணிக்கு 37.6 கி.மீ., நடுவுல உச்சத்துல 44 கி.மீ.ய தாண்டினாரு. போட்ஸ்வானா காட்டுல சிவிங்கிப்புலிங்களுக்கு கழுத்துப்பட்டை மாட்டி அளந்தப்ப, 2013ல வந்த ஆய்வுல, உச்ச வேகம் மணிக்கு 93 கி.மீ., ஆனா ஒரு ஓட்டத்தோட சராசரி தூரம் 173 மீட்டர்தான். அதனால "1 மணி நேரத்துல 93 கி.மீ. போகும்"னு எழுதி வைக்காதீங்க, மணிக்குன்னு சொல்றது அளவு மட்டும்தான், மணிக்கணக்கா ஓடுதுன்னு அர்த்தம் கிடையாது.

இப்ப சாப்பாடு. "படி ஏறினா ஆற்றல் அழிஞ்சு போகுது"ன்னு எழுதினா மார்க் போச்சு, ஆற்றல் அழியாது, மாறும். ஆனா எங்க போச்சுன்னு சொல்லணும்ல, அதுக்கு ஒரு கணக்கு போடுவோம். 40 கிலோ பையன் ஒரு மாடி, 3 மீட்டர் ஏறறான். எடைய உயரத்தால பெருக்கணும், 40 பெருக்கல் 9.8 பெருக்கல் 3, செஞ்ச வேலை 1176 ஜூல் (வேலைக்கும் ஆற்றலுக்கும் ஜூல்தான் அலகு). கையில 5 கிராம் பிஸ்கட் ஒண்ணு. பாக்கெட்ல 100 கிராமுக்கு 450 கிலோகலோரின்னு போட்டிருந்தா ஒரு பிஸ்கட்டுக்கு 22.5, ஒரு கிலோகலோரின்னா 4184 ஜூல், ஆக சுமார் 94,000 ஜூல். இந்த இடத்துல "கிலோ"வ விட்டுட்டு வெறும் கலோரின்னு எடுத்து ஆயிரம் மடங்கு குறைச்சு போடறவங்க ஒரு கூட்டம், நாமளும் பேச்சுல கலோரி கலோரின்னுதானே சொல்றோம். சரியா போட்டவங்க வகுத்துட்டு ஒரு பிஸ்கட்டுக்கு 80 மாடின்னு சந்தோஷமா எழுதுவாங்க. நாலுல ஒரு பங்கு கூட தாண்டாது. மசில் செலவு பண்ற ஆற்றல்ல சுமார் 20ல இருந்து 25 சதவீதம்தான் ஏறற வேலைக்கு போகும், மீதி முக்கால்வாசி சூடா போயிடும், அதான் மாடி ஏறினதும் சட்டை நனையுது. அப்ப 20 மாடி கிட்ட. அதுவும் கம்மி இல்ல, ஒரு பிஸ்கட்டுக்கு! ஓடி ஏறினாலும் மெதுவா ஏறினாலும் அந்த 1176 ஜூல் மாறாது, ஓடினா திறன், அதாவது ஒரு செகண்டுக்கு செய்யற வேலை, ஜாஸ்தி, அவ்ளோதான். அப்புறம் "தூங்கும்போது ஆற்றல் தேவையில்ல"ன்னு எழுதறவங்க, இதயமும் மூளையும் லீவு போடறதில்லங்கறத யோசிக்கணும்.

செடி பக்கம் வந்தா தப்பு வரிசை கட்டி நிக்கும். "செடி நகராது"ன்னு ஒண்ணு, தொட்டாச்சிணுங்கிய தொட்டா இலைக்காம்போட அடியில இருக்கற புடைப்புல தண்ணி அழுத்தம் குறைஞ்சு மடங்குது, மசிலே இல்லாம அசைவு. "மரம் மண்ண சாப்பிட்டு வளருது"ன்னு இன்னொண்ணு. வான் ஹெல்மான்ட்னு ஒருத்தர், சுமார் 90 கிலோ காஞ்ச மண்ணுல 2 கிலோ சொச்சம் இருந்த வில்லோங்கற மரத்தோட கன்ன நட்டு 5 வருஷம் தண்ணி மட்டும் ஊத்தினாரு, மரம் 76 கிலோ ஆச்சு, மண்ணு குறைஞ்சது 60 கிராம் கூட இல்ல. அவர் இறந்தப்புறம் 1648ல புத்தகமா வந்துச்சு. அவரும் எல்லாம் தண்ணியில இருந்துதான் வந்துச்சுன்னு தப்பாத்தான் முடிச்சாரு, காத்துல இருக்கற கார்பன் டை ஆக்சைடு அவர் கணக்குல வரல. நம்ம பசங்க தப்பு பண்ணா திட்டறதுக்கு முன்னாடி இத நினைச்சுக்குவேன்.

ஆனா எனக்கு ரொம்ப எரிச்சல் வர்றது "செடி பகல்ல ஒளிச்சேர்க்கை பண்ணும், ராத்திரி சுவாசிக்கும்"ங்கற பதில். சுவாசம் 24 மணி நேரமும் உண்டு, அதோட செல்லுக்கும் ஆற்றல் வேணுமே, பகல்ல ஒளிச்சேர்க்கை ஜாஸ்தியா நடக்கறதால வெளிய தெரியல, அவ்ளோதான். இதுக்கு ஆதாரமா எங்க டியூஷன்ல புளியமரத்த கொண்டு வருவாங்க: ராத்திரி மரம் கார்பன் டை ஆக்சைடு விடுது, கீழ படுத்தா மூச்சு முட்டும், அதத்தான் பேய் அமுக்குதுன்னு சொன்னாங்க. கேக்க சயின்ஸ் மாதிரியே இருக்கு. தெறந்த வெளியில மரம் விடற அந்தக் காத்து கலைஞ்சு போயிடும், ஆள மூச்சு முட்ட வைக்கற அளவுக்கு சேராது. "அப்ப எங்க தாத்தாவ அமுக்குனது யாரு மிஸ்"னு ஒரு பொண்ணு விடல. கனவு வர்ற தூக்கத்துல மூளை கைகால் மசிலெல்லாம் ஆஃப் பண்ணி வச்சிருக்கும், சில சமயம் முழிப்பு முன்னாடியே வந்துடும், மசில் இன்னும் ஆன் ஆகல, அசையவும் முடியாது, கத்தவும் முடியாது, நெஞ்ச யாரோ அமுக்கற மாதிரி இருக்கும்னு சொன்னேன். கொஞ்ச நேரம் யோசிச்சுட்டு, "தாத்தா வீட்டுக்குள்ள கட்டில்ல தான் மிஸ் படுத்திருந்தாரு"ன்னா.