கஞ்சாவை நிறுத்திய முதல் வாரங்களில் போடும் தப்புக் கணக்குகள்

“கஞ்சாவுக்கெல்லாம் யாரும் அடிமையாக மாட்டாங்க, நினைச்சா விட்டுடலாம்.” இந்தப் பேச்சை நம்பித்தான் பலர் ஒரு நாள் திடீரென்று நிறுத்துகிறார்கள். முதல் நாள் பெரிதாக ஒன்றும் தெரியாது. இரண்டாம் மூன்றாம் நாளில் யாராவது டிவி சத்தத்தைக் கொஞ்சம் கூட்டினாலே கோபம் தலைக்கேறும். தட்டில் போட்ட சாப்பாடு இறங்காது. நடுராத்திரியில் விழிப்பு வந்தால் பனியன் வியர்வையில் தொப்பலாக நனைந்திருக்கும். “எல்லாம் மனப்பிரமை, நான்தான் பலவீனமானவன்” என்று தன்னையே திட்டிக்கொள்வார்கள். முதல் தவறு அதுதான்.

இது பிரமை இல்லை. அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 2013இல் வெளியிட்ட, மனநோய்களை வகைப்படுத்தும் டிஎஸ்எம்-5 கையேட்டில் கஞ்சா விலகல், அதாவது கஞ்சாவை நிறுத்தியதும் வரும் உபாதைகள், தனி நோயாகவே இடம்பெற்றிருக்கிறது. மாதக்கணக்கில் கிட்டத்தட்ட தினமும் பயன்படுத்தியவர் நிறுத்தியதும் எரிச்சல், பதற்றம், தூக்கக் கோளாறு, பசியின்மை, இருப்புக்கொள்ளாமை, மனச்சோர்வு, நடுக்கம் வியர்வை போன்ற உடல் உபாதை ஆகியவற்றில் குறைந்தது மூன்று, ஒரு வாரத்துக்குள் தலைகாட்டும் என்கிறது அது. 2020இல் வெளிவந்த ஒரு பெரிய தொகுப்பாய்வு 47 ஆய்வுகளையும் 23,000க்கும் மேற்பட்டவர்களையும் சேர்த்துப் பார்த்தது. அடிக்கடி பயன்படுத்துபவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு, அதாவது 47 சதவீதத்தினருக்கு, இந்த விலகல் இருந்தது.

காரணம் மூளையில் இருக்கிறது. கஞ்சாவில் போதை தரும் டிஹெச்சி என்ற வேதிப்பொருள், மூளையிலுள்ள சிபி1 ஏற்பிகளில் (அந்தப் பொருள் வந்து பொருந்தும் இடங்களில்) போய் ஒட்டிக்கொள்கிறது. தினமும் இப்படி நடந்தால் மூளை அந்த ஏற்பிகளைக் குறைத்துக்கொள்ளும். கஞ்சா நின்றதும், மன அமைதிக்கும் பசிக்கும் தூக்கத்துக்கும் உடல் தானே சுரக்கும் பொருள்கள் போதாமல் போகின்றன. ஸ்கேன் ஆய்வுகளில் இரண்டு நாட்களிலேயே ஏற்பிகள் மீளத் தொடங்கின. நான்கு வாரத்தில் ஏறக்குறைய பழைய நிலைக்கு வந்தன. பெரும்பாலானவர்களுக்கு முதல் வாரம்தான் மோசம். இரண்டு மூன்று வாரத்தில் பல தொல்லைகள் அடங்கிவிடும்.

இனி சொல்லப்போவதுதான் எல்லாவற்றிலும் பெரிய தவறு என்பேன். நான்காம் நாள் நெஞ்சு படபடக்கிறது, காரணமில்லாமல் அழுகை வருகிறது. அவர் என்ன முடிவுக்கு வருவார்? “பார்த்தியா, எனக்கு உள்ளுக்குள்ள பதற்ற நோய் இருந்திருக்கு, இத்தனை நாள் கஞ்சாதான் அதைப் பிடிச்சு வெச்சிருந்துச்சு.” உடனே ஒன்றைப் பற்ற வைக்கிறார். பத்து நிமிடத்தில் படபடப்பு குறைகிறது. அப்புறம் அந்த நம்பிக்கையை யாராலும் அசைக்க முடியாது. ஆனால் பதற்றம் குறைந்ததற்குக் காரணம், விலகலை உண்டாக்கிய பொருளே திரும்ப உள்ளே போனது. சிலருக்கு உண்மையிலேயே முன்பிருந்த மனச்சோர்வோ பதற்ற நோயோ இருக்கலாம். அதை முதல் வாரத்தில் பிரித்துப் பார்ப்பது ரொம்பக் கடினம். மருத்துவர்களே பொதுவாக ஒரு மாதம் அளவுக்குப் பொறுத்துப் பார்க்கிறார்கள். கஞ்சா தொடங்குவதற்கு முன்பே இது இருந்ததா, நிறுத்திச் சில வாரம் ஆன பிறகும் நீடிக்கிறதா என்ற இரண்டு கேள்விகள்தான் உதவும். ஒரு நோட்டில் தினமும் தூக்கம், மனநிலை, எரிச்சல் என்று ஓரிரு வரி எழுதி வையுங்கள். நான்காம் நாள் எழுதியதையும் இருபதாம் நாள் எழுதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் நிறையப் புரியும். அதுவரை “நான் இப்படித்தான்” என்று தீர்ப்பு எழுதாதீர்கள். வேலையை விடுவது, உறவை முறிப்பது மாதிரி முடிவுகளையும் தள்ளிப்போடுங்கள்.

தூக்கம் இன்னொரு கண்ணி. கஞ்சா, கனவு வரும் தூக்கத்தை அமுக்கி வைக்கும். நிறுத்தியதும் அது வட்டியும் முதலுமாகத் திரும்பி வரும். பயங்கரமான, நிஜம் போன்ற கனவுகள்; அதில் மறுபடி கஞ்சா புகைப்பது போன்ற கனவுகூட வரலாம். பைத்தியம் பிடிக்கிறதோ என்று பயப்பட வேண்டாம். மற்றவை அடங்கிய பிறகும் தூக்கக் கோளாறு ஒரு மாதத்துக்கு மேல்கூட இழுக்கலாம் என்று தெரிந்துவைத்துக்கொண்டால் பாதித் திகில் போய்விடும். இங்கே தவறு எங்கே நடக்கிறதென்றால், “தூங்கினா போதும்” என்று மதுவையோ யாரோ கொடுத்த தூக்க மாத்திரையையோ எடுப்பதில். ஒன்றை விட்டு இன்னொன்றில் மாட்டிக்கொள்வோம். அந்த இரண்டின் விலகல் கஞ்சாவுடையதைவிட ஆபத்தானது, வலிப்பு வரைக்கும் போகும்.

புகையிலையோடு கலந்து புகைத்தவர்கள் ஒன்றைக் கவனிக்காமல் விடுகிறார்கள். அவர்களுக்கு நிக்கோடின் விலகலும் கூடவே வருகிறது. அல்லது கஞ்சாவை விட்டுவிட்டுச் சிகரெட்டை இரு மடங்காக்குகிறார்கள். இதை மருத்துவரிடம் சொன்னால் தோலில் ஒட்டும் நிக்கோடின் பட்டை போன்றவற்றைத் தருவார். மனநல மாத்திரை சாப்பிடுபவர்கள் “எல்லாத்தையும் ஒரேயடியா விடுறேன்” என்று அதையும் சேர்த்து நிறுத்தக் கூடாது. புகைப்பது நின்றால் மனச்சிதைவு நோய்க்குத் தரப்படும் க்ளோசபின் போன்ற மருந்தின் அளவு இரத்தத்தில் ஏறவும் கூடும் என்பதால், அளவை மருத்துவர்தான் பார்த்து மாற்ற வேண்டும்.

சரி, எதிர்ப்பக்கத் தவறும் உண்டு: எது வந்தாலும் “விலகல்தான், தானா போயிடும்” என்று உட்கார்ந்திருப்பது. இல்லாத குரல் கேட்பது, எல்லோரும் தன்னைக் கண்காணிக்கிறார்கள் என்ற உறுதியான சந்தேகம், தற்கொலை எண்ணம் ஆகியவை சாதாரண விலகலில் சேராது. அன்றைக்கே மருத்துவ உதவி தேவை. நிற்காமல் வாந்தி, வெந்நீரில் குளித்தால் மட்டும் ஆறுதல் என்றால் அது நீண்ட காலக் கஞ்சாப் பழக்கத்தால் வரும் வேறொரு கோளாறாக இருக்கலாம். செயற்கைக் கஞ்சா (கஞ்சாவைப் போல வேலை செய்யும்படி தயாரித்த ரசாயனம்) பயன்படுத்தியவர்கள் வீட்டிலேயே தனியாக நிறுத்திப் பார்க்க வேண்டாம், அதன் விலகல் இன்னும் கடுமையாக இருக்கும்.

கூட இருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. அந்த முதல் வாரத்தில் அவர் கத்துவதை வைத்து, “இதுக்கு நீ புகைச்சிட்டே இருந்திருக்கலாம்” என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். அவருக்குத் திரும்பிப் போக அந்த ஒரு வரி போதும். பழைய பகையைப் பேசித் தீர்க்கவும் இது நேரமில்லை. விலகலுக்கென்று அங்கீகரிக்கப்பட்ட தனி மாத்திரை எதுவும் இதுவரை இல்லை. மனநல ஆலோசனை, குறிப்பாக எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்றப் பழக்கும் அறிவாற்றல் நடத்தை சிகிச்சை, கைகொடுக்கிறது.

இடையில் ஒரு முறை சறுக்கிவிட்டால் “எல்லாம் போச்சு” என்று பழைய அளவுக்கே போகிறவர்கள் இருக்கிறார்கள். சில வாரம் நிறுத்திய பின் உடலின் தாங்கும் சக்தி குறைந்திருக்கும். முன்பு சாதாரணமாக எடுத்த அதே அளவு, இப்போது கடும் பீதியிலும் படபடப்பிலும் கொண்டுபோய் விடலாம். கஞ்சா கலந்த தின்பண்டம் இன்னும் மோசம். வேலை செய்ய இரண்டு மணி நேரம்கூட ஆகும் என்பதால், “ஒண்ணும் ஆகலையே” என்று இன்னொரு துண்டைப் போட்டுக்கொள்வார்கள்.