ஷாட்டோ முசார்: திறக்கும் முன்பும் பின்பும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

லெபனானின் ஷாட்டோ முசார் சிவப்பு ஒயினை நல்ல விலை கொடுத்து வாங்கிவிட்டு, முதல் வாயிலேயே "கெட்டுப்போச்சு" என்று ஒதுக்கிவிடுகிறவர்கள் உண்டு. எனக்கு அது மிகவும் வருத்தம் தருகிறது. பெரும்பாலும் அவசரம்தான் காரணம்.

முதலில் கடையிலேயே நடக்கும் தவறு. லேபிளில் ஏழெட்டு வருடத்துக்கு முந்தைய ஆண்டைப் பார்த்து, விற்காமல் தங்கிய சரக்கு என்று நினைப்பது. முசார் வெளிவருவதே அறுவடை முடிந்து சுமார் 7 வருடம் கழித்துத்தான். சிமென்ட் தொட்டியில் நொதித்து, ஓக் பீப்பாயில் ஒரு வருடம் இருந்து, அப்புறம் கலந்து பாட்டிலில் அடைத்து, காஸிர் ஊரில் உள்ள பாதாள அறையில் பல வருடம் காத்திருக்கும்.

இன்னொரு தவறு, பிரான்ஸின் போர்தோ பகுதி ஒயினின் சுவையை இதில் தேடுவது. 1930இல் கஸ்தோன் ஹோஷார் தொடங்கிய பண்ணை இது. அவர் மகன் செர்ஜ் போர்தோவில் படித்தவர்தான். கலவையில் போர்தோவின் கேபர்நே சோவின்யோன் திராட்சையும் இருக்கிறது. ஆனால் கூடவே சென்சோ, காரின்யான் திராட்சைகளும் சேருகின்றன. மூன்றுமே சுமார் 1,000 மீட்டர் உயரத்தில் உள்ள பெக்கா பள்ளத்தாக்கில் விளைபவை. கலவை விகிதம் வருடத்துக்கு வருடம் மாறும். ஆகவே போன பாட்டிலின் சுவையே இதிலும் வரும் என்று எதிர்பார்க்க வேண்டாம். உள்நாட்டுப் போர் நடந்த காலத்திலும் அவர்கள் அறுவடையை விடவில்லை. 1976இல் மட்டும் ஒயின் எடுக்கவே முடியவில்லை. 1984இல் திராட்சை வழியில் சிக்கி, வந்துசேரும் முன்பே நொதிக்கத் தொடங்கிவிட்டது.

இனி மணம். திறந்ததும் லேசாக வினிகர், நெயில் பாலிஷ் போன்ற வாடை வரலாம். ஆவியாகும் அமிலம் இதில் சற்றுத் தூக்கலாக இருக்கும். முசாரின் குணமே அது. உடனே கீழே ஊற்றிவிடாதீர்கள். இரண்டு மூன்று மணி நேரம் காற்றாட விட்டால் பழமும் மசாலாவுமான மணம் மேலே வரும், அந்த வாடை பின்னுக்குப் போகும். நனைந்த அட்டைப்பெட்டி நாற்றம் அடித்தால் கதை வேறு. அது கார்க்கினால் வந்த கேடு, எத்தனை மணி நேரம் வைத்தாலும் போகாது. கடையில் திருப்பிக் கேளுங்கள்.

படுக்கவைத்திருந்த பாட்டிலை எடுத்த கையோடு ஊற்றுவதும் கூடாது. வடிகட்டாமல் அடைத்த ஒயின், அடியில் கசடு இருக்கும். முந்தின நாளே நிமிர்த்தி வையுங்கள். பிறகு வெளிச்சத்தில் பார்த்துக்கொண்டே, கசடு கழுத்துக்கு வருமுன் நிறுத்தி, கண்ணாடிக் குடுவையில் மெல்ல இறுத்துக்கொள்ளுங்கள். கழுவி நன்றாகக் காய்ந்த குடுவையாக இருக்கட்டும், சோப்பு வாடை எல்லாவற்றையும் கெடுத்துவிடும்.

"சிவப்பு ஒயினை அறை வெப்பநிலையில் குடிக்கலாம்" என்பது ஐரோப்பியக் குளிர்ந்த வீடுகளுக்குச் சரி. நம் ஊர் மே மாதத்தில் அறையே 32 டிகிரி தாண்டும். ஆல்கஹால்தான் மூக்கில் ஏறும். முசாருக்கு 18 டிகிரி பொருத்தம். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஃப்ரிட்ஜில் நிமிர்ந்தபடியே வைத்து எடுங்கள்.

பெயரைச் சரியாகப் பாருங்கள். முசார் ழேன் (Musar Jeune) அதே பண்ணையின் இளம் ஒயின், ஓக் பீப்பாய் காணாதது. அதற்கு இந்தக் காத்திருப்பு எதுவும் வேண்டாம், வாங்கிய அன்றே திறக்கலாம்.