ஏதென்ஸ் நாடகங்களை ஆண்டுக் கணக்கோடு படிப்பது எப்படி

பண்டைய கிரேக்க நாடகத்தைப் புதிதாகக் கையிலெடுப்பவர்கள் பெரும்பாலும் சோஃபோக்ளீசின் 'ஈடிபஸ் மன்னன்' நாடகத்தில் தொடங்கி, விதி, சாபம், தெய்வவாக்கு என்று கதையை மட்டும் பின்தொடர்ந்து முடித்துவிடுகிறார்கள். கதை புரிந்துவிடும்; அது எந்த மக்களின் முன்னால் நடிக்கப்பட்டது என்பது பிடிபடாது. அந்த நாடகம் மேடையேறிய ஆண்டே உறுதியாகத் தெரியாததால், தொடக்கத்துக்கு அது ஏற்றதும் அன்று. ஆண்டு உறுதியான ஒரு நாடகத்தை எடுத்து, அப்போது ஏதென்ஸ் நகரில் நடந்தவற்றை அருகில் வைத்துக்கொண்டு படிப்பதே நல்ல வழி.

முதலில் ஒரு தாளில் சில ஆண்டுகளைக் குறித்துக்கொள்ளுங்கள். கி.மு. 490 பாரசீகருக்கு எதிரான மாரத்தான் போர். 480 அதே பாரசீகருக்கு எதிரான சலாமிஸ் கடற்போர். 451 ஏதென்சின் அரசியல் தலைவர் பெரிக்ளீசின் குடியுரிமைச் சட்டம். 431 போட்டி நகரமான ஸ்பார்ட்டாவுடனான பெரும்போரின் தொடக்கம். 429 கொள்ளைநோயில் பெரிக்ளீசின் மரணம். 404 ஏதென்சின் சரணடைவு. 399 சாக்ரட்டீசுக்கு மரண தண்டனை. எண் குறையக் குறையக் காலம் முன்னேறுகிறது என்பதில் தொடக்கத்தில் எல்லோரும் ஒருமுறையாவது தடுமாறுவார்கள். பெயர்களைப் பற்றி அஞ்ச வேண்டியதில்லை: கொலார்கஸ் ஊரினராகிய சாந்திப்பசின் மகன் பெரிக்ளீஸ் என்று அவர்கள் எழுதும் முறை, ஊரையும் தந்தையையும் முன்னெழுத்தாகச் சுமக்கும் நமக்குப் பழகியதுதான்.

அடுத்து, நாடகம் நடந்த சூழலை மனத்தில் நிறுத்துங்கள். இளவேனிலில் டயோனிசஸ் தெய்வத்துக்கு எடுத்த விழாவில், அக்ரோபொலிஸ் குன்றின் தென்சரிவில் இருந்த அரங்கில், மூன்று கவிஞர்கள் தலா மூன்று துன்பியல் நாடகங்களோடும் ஒரு கேலி நாடகத்தோடும் போட்டியிட்டார்கள். பாடற்குழுவின் செலவைச் செல்வர் ஒருவர் ஏற்பது நகரம் அவருக்கு இட்ட கடமை. 472-இல் ஈஸ்கிலசின் 'பாரசீகர்கள்' நாடகத்துக்கு அப்படிச் செலவு செய்தவர் இளைஞரான பெரிக்ளீஸ். நாடகங்களுக்கு முன்பு, கூட்டாளி நகரங்கள் செலுத்திய திறைப்பணம் அரங்கில் காட்டப்பட்டது. போரில் தந்தையை இழந்து நகரத்தின் செலவில் வளர்ந்த பிள்ளைகள் கவசம் அணிந்து அணிவகுத்தார்கள்.

இப்போது யூரிபிடீசின் 'மெடியா'வை எடுங்கள். ஓரத்தில் வரி எண் அச்சிட்ட மொழிபெயர்ப்பாகப் பாருங்கள். ஏறத்தாழ 1,400 வரிகள் என்பதால் ஒரே மாலையில் முடியும். மேடையேறிய ஆண்டு 431. கணவனால் கைவிடப்பட்ட அயல்நாட்டுப் பெண்ணான மெடியா, கொரிந்த் நகரப் பெண்களிடம் பேசும் முதல் நீண்ட உரையில் நின்று நிதானியுங்கள். சீதனம் கொடுத்துத் தன் உடலுக்கே ஓர் எசமானனை வாங்க வேண்டியிருக்கிறது என்றும், ஒருமுறை பிள்ளை பெறுவதைவிட மும்முறை போர்க்களத்தில் கேடயத்தோடு நிற்பேன் என்றும் அவள் சொல்கிறாள். அதைச் சொன்னவர் முகமூடி அணிந்த ஆண் நடிகர். கேட்டவர்களிடையே களம் கண்ட ஆண்கள் நிறைந்திருந்தார்கள். தாயும் தந்தையும் ஏதென்ஸ்காரர்களாக இருந்தால்தான் பிள்ளைக்குக் குடியுரிமை என்ற சட்டம் வந்து இருபது ஆண்டுகள் ஆகியிருந்தன. அதைக் கொண்டுவந்த பெரிக்ளீசே மிலேட்டஸ் நகரத்துப் பெண்ணான அஸ்பேசியாவுடன் வாழ்ந்தார். கதை கொரிந்தில் நடந்தாலும் இந்தக் கூர்மை ஏதென்சைத் தொடாமல் இருந்திருக்காது.

பாடற்குழுவின் பாடல்களைத் தாண்டிச் செல்லும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். 824-ஆம் வரியில் தொடங்கும் பாடல், ஏதென்சைப் பகைவரால் சூறையாடப்படாத புனித நிலம் என்று போற்றுகிறது. அந்தக் கோடையிலேயே ஸ்பார்ட்டாவின் படை புகுந்து அந்நிலத்தின் விளைச்சலை அழித்தது. இதைத் தெரிந்துகொண்டு படிக்கும்போது அப்பாடல் வெறும் புகழ்மாலையாகத் தோன்றாது. போட்டியில் யூரிபிடீசுக்குக் கிடைத்தது கடைசி இடமான மூன்றாம் இடம். முதலிடம் ஈஸ்கிலசின் மகன் யூஃபோரியனுக்கு.

இன்பியல் நாடகங்களுக்கு வேறு எச்சரிக்கை தேவை. அரிஸ்டோஃபனீஸ் வரைந்த மனிதர்களை வரலாற்று மனிதர்களாக எடுத்துக்கொள்ளக் கூடாது. 423-இல் 'மேகங்கள்' நாடகத்தில் கூடையில் தொங்கியபடி வானத்தை ஆராயும் சாக்ரட்டீஸ் ஒரு கேலிச்சித்திரம்; ஆனால், பிளேட்டோ எழுதிய வழக்காடல் உரையில் சாக்ரட்டீசே அந்தச் சித்திரத்தின் கெடுதலைக் குறிப்பிடுகிறார். மக்கள் சிரித்ததால் அவர்களும் அப்படியே கருதினார்கள் என்றும் முடிவு கட்ட முடியாது: 424-இல் அரசியல்வாதி கிளியோனைக் கிழித்தெறிந்த 'குதிரை வீரர்கள்' முதற்பரிசு பெற்றது, சிறிது காலத்திலேயே அதே மக்கள் கிளியோனைப் படைத்தலைவராகத் தேர்ந்தெடுத்தார்கள்.

இதே முறையில், போரில் வீழ்ந்த நகரத்தின் பெண்கள் அடிமைகளாவதைக் காட்டும், 415-இல் வந்த யூரிபிடீசின் 'ட்ரோய் நகரப் பெண்கள்' நாடகத்தை, முந்தைய குளிர்காலத்தில் ஏதென்ஸ் மீலோஸ் தீவின் ஆண்களைக் கொன்று பெண்களையும் பிள்ளைகளையும் அடிமைகளாக்கிய செய்தியோடு படியுங்கள். பிறகு 405-இல் வந்த அரிஸ்டோஃபனீசின் 'தவளைகள்'. சோஃபோக்ளீசும் யூரிபிடீசும் இறந்துபோன நிலையில், நகரத்தைக் காக்க ஒரு கவிஞரை மீட்டுவர டயோனிசஸ் பாதாளத்துக்குப் போகிறார், ஈஸ்கிலசோடு திரும்புகிறார். அதைப் படித்து முடித்ததும் உங்கள் தாளில் 404-க்கு நேரே எழுதியிருப்பதைப் பார்த்துவிட்டு, கடைசிக் காட்சியை இன்னொரு முறை படியுங்கள்.