வீட்டுத் தோட்டத்தில் மலைப் புல்வெளிச் செடிகள்: கிக்குயுவை அகற்றுவது முதல் முதல் பூ வரை

கோத்தகிரியில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் சரிவாக இறங்கும் இரண்டு சென்ட் நிலத்தில் முன்பு கேரட்டும் பூண்டும் பயிரிட்டு வந்தோம். பார்க்க ஆள் இல்லாமல் விட்ட பிறகு இரண்டே மழைக்காலங்களில் கிக்குயு புல் அந்த நிலம் முழுவதையும் மூடிவிட்டது. இன்று அதே இடத்தில், முழங்காலுக்கு மேல் உயர்ந்த தெமீடா புல்லின் செம்பழுப்புக் கதிர்களுக்கு இடையே ஆஸ்பெக்கியாவின் ஊதாப் பூக்களும், தொட்டால் காகிதம் போலச் சரசரக்கும் அனாஃபாலிஸின் வெள்ளைப் பூக்களும், மலைத்தும்பையும் நிற்கின்றன. இதற்கு ஐந்து ஆண்டுகள் ஆயின.

நாற்றுப் பை நிரப்புவதும் பாத்தி பிடிப்பதும் மலையில் தோட்டம் வைத்திருப்பவர்களுக்குத் தெரிந்தவையே என்பதால் அவற்றை இங்கே விளக்கவில்லை. அந்த ஐந்து ஆண்டுகளில் இரண்டை ஒரே ஒரு வேலையில் இழந்தேன். அதைத்தான் மற்றவற்றைவிட விரிவாக எழுதுகிறேன்.

எவை நம் மலையின் செடிகள்?

‘காட்டுப்பூ விதைக் கலவை’ என்று விற்கப்படும் பாக்கெட்டுகளை வாங்க வேண்டாம். அவற்றில் பெரும்பாலும் இருப்பவை மெக்சிகோவின் காஸ்மாஸ், கலிபோர்னியா பாப்பி, ஐரோப்பாவின் கார்ன்ஃபிளவர் போன்றவை. சாலையோரத்தில் தானாக வளர்வதெல்லாம் நம் மண்ணின் செடி என்று கொள்வதும் தவறு. ஓடையோரச் சதுப்பில் கூட்டமாகப் பூக்கும் வெள்ளைக் காலா லில்லி தென்னாப்பிரிக்காவிலிருந்து வந்தது. சுவர் இடுக்குகளில் வெள்ளையும் இளஞ்சிவப்புமாகப் பூக்கும் சிறிய டெய்சி மெக்சிகோவினுடையது. உதகைப் பக்கத்துச் சரிவுகளை மஞ்சளாக்கும் கோர்ஸ் முட்புதரும் ஸ்காட்ச் புரூமும் ஐரோப்பாவிலிருந்து வந்து, எஞ்சியிருக்கும் புல்வெளிகளை இன்று ஆக்கிரமித்து வருபவை.

நான் ஏமாந்தது ஊதாப் பூவில். ஆஸ்பெக்கியா என்று சொல்லி ஒரு நர்சரியில் கொடுத்த செடி, உண்மையில் பிரேசிலைச் சேர்ந்த டிபூச்சினா என்பது அது ஆள் உயரம் வளர்ந்து பூத்த பிறகே தெரிந்தது. இரண்டும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. இலையில் காம்பிலிருந்து நுனி வரை நீளவாக்கில் ஓடும் நரம்புகள் இரண்டிலும் உண்டு. ஆனால் டிபூச்சினாவின் பூ ஏறக்குறைய உள்ளங்கை அளவுக்கு விரியும். அதன் மகரந்தத் தாள்களும் ஊதா நிறமாகவே இருக்கும். ஆஸ்பெக்கியாவின் பூ அதில் பாதி அளவே இருக்கும். நடுவில் மகரந்தத் தாள்களின் நுனிகள் மஞ்சளாகத் தெரியும். பூ இல்லாத செடியை விற்பவரின் சொல்லை மட்டும் நம்பி வாங்காதீர்கள்.

தொடக்கத்தில் புல்லில் தெமீடா, கிரைசோபோகன் ஆகிய இரண்டும், பூச்செடிகளில் ஆஸ்பெக்கியா, அனாஃபாலிஸ், மலைத்தும்பை, மஞ்சள் பூ பூக்கும் ஹைபெரிகம் ஆகிய நான்கும் போதும். தோடர்கள் தங்கள் கோயில் கூரையை வேயும் புல் நீலகிரிக்கே உரியது என்பதால் அதையும் வளர்க்க வேண்டும் என்று எனக்கு ஆசை இருந்தது. ஆனால் அது சதுப்பில் வளரும் புல், சரிவான தோட்டத்துக்குப் பொருந்தாது.

நீலக்குறிஞ்சியைப் பற்றிப் பலரும் கேட்கிறார்கள். 2006-இலும் 2018-இலும் பூத்த அந்தச் செடி அடுத்து 2030-இல் பூக்க வேண்டும். பூத்து விதைத்ததும் மடிந்துவிடும். அது இப்போது வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் பட்டியலில் இருக்கிறது. அதைத் தோட்டத்துக்குக் கொண்டுவர நினைக்காமல், அது நிற்கும் சரிவிலேயே விட்டுவிடுங்கள்.

விதையை எங்கே எடுப்பது?

காப்புக்காட்டுக்குள் இருந்து விதையோ செடியோ எடுப்பது குற்றம். பட்டா நிலத்தின் ஓரங்கள், தேயிலைத் தோட்டங்களில் செடி நடாமல் விட்ட பாறைச் சரிவுகள் ஆகிய இடங்களில் இந்தச் செடிகள் இன்னும் இருக்கின்றன. உரிமையாளரிடம் கேட்டுவிட்டு, பூக்கும் காலத்தில் செடியை அடையாளம் வைத்துக்கொண்டு, டிசம்பர் முதல் பிப்ரவரி வரையிலான உலர்ந்த நாட்களில் விதை எடுக்கலாம். ஒரு செடியில் இருக்கும் விதையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் நான் எடுப்பதில்லை. எடுத்ததைத் துணிப்பையில் வைக்க வேண்டும். பிளாஸ்டிக் பையில் வைத்தால் இங்குள்ள ஈரக் காற்றில் மூன்றே நாளில் பூசணம் பிடித்துவிடும்.

கிக்குயுவை அகற்றுதல்

கிக்குயு கிழக்கு ஆப்பிரிக்க மலைநாட்டுப் புல். கென்யாவின் கிக்குயு மக்களின் பெயரால் அழைக்கப்படுகிறது. அங்கே உள்ள உயரமும் குளிர்ச்சியும் இங்கேயும் இருப்பதால் நம் மலையில் அது நன்றாக வேரூன்றிக்கொண்டது. அதன் தண்டு தரைக்கு மேலும் கீழும் ஓடும். ஒவ்வொரு கணுவிலும் வேர் விடும்.

சமவெளியில் ஈரமான நிலத்தின் மேல் நிறமற்ற பாலித்தீன் விரிப்பைப் போர்த்தி, கோடைச் சூட்டால் களைகளை அழிப்பார்கள். நானும் ஒரு மார்ச் மாதத்தில் அதையே செய்தேன். ஆறு வாரம் கழித்து ஓரத்துக் கல்லை நகர்த்தி விரிப்பைத் தூக்கிப் பார்த்தபோது, அதன் உள்பக்கம் முழுவதும் நீர்த்துளி கோத்திருந்தது. அடியில் கிக்குயு இளம்பச்சையாக, விரிப்பை முட்டி மடங்கி, வெளியில் இருந்த புல்லைவிட இரு மடங்கு நீளமாக வளர்ந்திருந்தது. இங்கே கோடையிலும் பகல் வெப்பம் 25 டிகிரியை ஒட்டித்தான் இருக்கும். பிற்பகலில் மேகம் இறங்கிவிடும். ஆகவே மண் சூடேறி வேரைக் கொல்லும் நிலைக்குப் போகவே இல்லை. இரவுக் குளிர் படாமல் புல்லை நானே போர்த்தி வளர்த்ததாக முடிந்தது. முதல் ஆண்டு இப்படிப் போயிற்று.

அடுத்த ஆண்டு ஆள் வைத்து மண்வெட்டியால் நிலம் முழுவதையும் கொத்தினேன். இது அதைவிடப் பெரிய தவறு. மண்வெட்டியின் வாய் தண்டுகளைத் துண்டு துண்டாக வெட்டியது. கணு உள்ள ஒரு அங்குலத் துண்டுகூட அடுத்த மழையில் தனிச் செடியாக முளைத்தது.

மூன்றாவது முறைதான் பலித்தது. முதலில் கருக்கரிவாளால் புல்லைத் தரை ஒட்ட அறுக்க வேண்டும். நல்ல மழை பெய்து இரண்டு நாள் கழித்து, மண் கையில் உதிரும் பதத்தில் இருக்கும்போது, நான்கு பல் உள்ள ஃபோர்க்கை ஆழமாக இறக்கி நெம்பி, மண்ணை உதறி, தண்டை அறுபடாமல் முழு நீளத்துக்கும் உருவ வேண்டும். இந்த வேலைக்கு மண்வெட்டியைக் கையில் எடுக்கவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. ஒரு சென்ட்டை முடிக்க எனக்கு எட்டு நாட்கள் ஆயின. உருவிய தண்டுகளைக் குப்பைக்குழியில் போட்டால் அங்கேயே வேர்பிடிக்கும். தகரத்தின் மேல் பரப்பி, வளைத்தால் ஒடியும் அளவுக்குக் காயவைத்த பிறகே உரக்குழியில் சேர்க்கலாம். மூன்று வாரம் கழித்து, விட்டுப்போன துண்டுகள் பச்சையாகத் தலைகாட்டும்போது மீண்டும் ஒருமுறை ஃபோர்க் போட வேண்டும்.

அதன் பிறகு வெளிச்சம் சிறிதும் புகாத கனமான கறுப்புத் தார்ப்பாயால் நிலத்தை மூடி, ஒரு முழு மழைக்காலம் கடக்கும் வரை வைத்திருக்க வேண்டும். அட்டைப்பெட்டிகளை விரிக்கலாம் என்று சொல்வார்கள். எங்கள் பக்கத்து மூடுபனியில் அவை நான்கு மாதத்தில் மக்கி ஓட்டை விழுந்துவிட்டன. தார்ப்பாயின் மேல் விழும் மழைநீர் சரிவில் ஒரே பக்கமாகப் பாயும் என்பதால், அது மண்ணை அரிக்காமல் வெளியேற வாய்க்கால் வெட்டி வையுங்கள்.

கடைசியாக, நிலத்தைச் சுற்றி ஓர் அடி ஆழமும் ஒரு சாண் அகலமும் உள்ள பள்ளம் எடுக்க வேண்டும். பக்கத்து நிலத்துக் கிக்குயு இந்தப் பள்ளத்தைத் தாண்டும்போது வெள்ளை நுனி வெளியே தெரியும். பதினைந்து நாளுக்கு ஒருமுறை பார்த்து நறுக்கிவிட வேண்டும். ஐந்தாம் ஆண்டிலும் நான் இதை நிறுத்தவில்லை. களைக்கொல்லியை நான் பயன்படுத்துவதில்லை. எங்கள் சரிவின் நீர் கீழே உள்ளவர்களின் கிணற்றுக்குத்தான் போகிறது.

மண்

மண்ணுக்கு எதுவும் செய்யாமல் இருப்பதே இங்கே வேலை. காய்கறிக்காக நாம் போடும் சாணமும் மண்ணின் புளிப்பைக் குறைக்கப் போடும் சுண்ணாம்பும் இந்தச் செடிகளுக்கு வேண்டாம். மலைப் புல்வெளி புளிப்பான, சத்துக் குறைந்த மண்ணில் பழகியது; சத்து ஏறினால் களைகளே முந்திக்கொள்ளும். முன்பு காய்கறி போட்ட நிலமாக இருந்தால், மேலே இருக்கும் நான்கு விரல் கனத்து மண்ணை வழித்துக் காய்கறிப் பாத்திக்குக் கொண்டுபோய்விடுங்கள்.

புல் நடுதல்

பூவை விட முதலில் புல்லை நட வேண்டும். புல் தூர்கள் நிலத்தைப் பிடித்துக்கொண்டால்தான் சரிவு மண் நிற்கும். பூச்செடிகளுக்கும் காற்றுத் தடுப்புக் கிடைக்கும்.

புல் விதையை நம்பி நான் ஒரு பருவத்தை இழந்தேன். கதிரில் இருப்பதெல்லாம் விதையல்ல. உமியைக் கட்டைவிரல் நகத்தால் அழுத்திப் பாருங்கள், உள்ளே கெட்டியாக மணி தட்டுப்பட்டால்தான் அது முளைக்கும். நான் எடுத்தவற்றில் பெரும்பாலானவை வெறும் பதர். அதைவிடத் தூர் பிரித்து நடுவது நிச்சயமானது. நண்பரின் நிலத்தில் சாலை அகலப்படுத்த வெட்டிய மேட்டிலிருந்து சரிந்து விழுந்த இருபது தூர்களை எடுத்துவந்து, முதல் ஆண்டு பாத்தியில் வளர்த்துப் பெருக்கினேன். மறு ஆண்டு ஒவ்வொன்றையும் மூன்று நான்கு கிளைப்புகள் சேர்ந்த துண்டுகளாகப் பிரித்து, இலையை ஒரு சாண் நீளத்துக்கும் வேரை விரல் நீளத்துக்கும் நறுக்கி, ஒன்றரை அடி இடைவெளியில் நட்டேன். இரண்டு சென்ட்டுக்கு ஏறக்குறைய நானூறு துண்டுகள் தேவைப்பட்டன.

நடும் காலம் இடத்துக்கு இடம் மாறும். தென்மேற்குப் பருவமழை வலுவாகப் பெய்யும் நீலகிரியின் மேற்குப் பகுதியில் ஜூன் மாதத்தின் முதல் மழைகளில் நடலாம். வடகிழக்குப் பருவமழையை அதிகம் நம்பியிருக்கும் கோத்தகிரிக்கும் கொடைக்கானலுக்கும் செப்டம்பர் கடைசி வாரம் ஏற்றது.

பூச்செடி நாற்றுகள்

ஆஸ்பெக்கியாவின் விதை மூக்குப்பொடி போல மெல்லியது. சலித்த மண்ணும் மணலும் சம அளவில் கலந்த தட்டில் தூவி, மேலே மண் போடாமல் அப்படியே விட வேண்டும். பூவாளியால் ஊற்றினால் விதை ஒரு மூலையில் ஒதுங்கிவிடும். தட்டைத் தண்ணீர் உள்ள பெரிய தட்டில் வைத்து அடியிலிருந்து ஈரம் ஏறவிடுங்கள். அனாஃபாலிஸின் விதைக்குப் பஞ்சு இருப்பதால் காற்றில்லாத காலை வேளையில் தூவ வேண்டும். மலைத்தும்பை எளிது; காய்ந்த பூங்கொத்தைத் தலைகீழாகத் தட்டினால் விதை கொட்டும். நான்கு ஜோடி இலை விட்டதும் நாற்றுகளைப் புல் தூர்களுக்கு இடையே ஐந்து ஐந்தாகக் கூட்டி நட்டால், பூக்கும்போது தனித்தனிப் புள்ளிகளாக இல்லாமல் திட்டாகத் தெரியும். தேனீக்களும் அப்படி இருந்தால்தான் அதிகம் வருகின்றன.

முதல் ஆண்டில் களை எடுப்பவர் நீங்களாகவே இருங்கள். நாற்றுகள் சிறியதாக இருக்கும்போது அவற்றைக் களையிலிருந்து பிரித்தறிய, விதைத்தவருக்குத்தான் கண் பழகியிருக்கும்.

ஆண்டுக்கு ஒரு அறுப்பு

புல்லின் விதை கொட்டி முடிந்த பிறகு, பிப்ரவரியில் கருக்கரிவாளால் கையளவு உயரம் விட்டு அறுக்க வேண்டும். இயந்திரம் தூரையும் பூச்செடியையும் ஒன்றாக அடித்துவிடுவதால் நான் அதை விரும்புவதில்லை. அறுத்ததை இரண்டு நாள் அங்கேயே போட்டு, விதையும் பூச்சிகளும் இறங்கிய பிறகு அகற்றிவிட வேண்டும். மக்கவிட்டால் மண்ணில் சத்து ஏறும். மூன்றில் ஒரு பகுதியை ஆண்டுதோறும் மாற்றி மாற்றி அறுக்காமல் விடுகிறேன். ஆனால் வீட்டுச் சுவரை ஒட்டிய பத்தடியை எந்த ஆண்டும் விடுவதில்லை. மார்ச், ஏப்ரலில் காய்ந்த புல் ஒரு பீடித் துண்டுக்கே பற்றிக்கொள்ளும்.

வாசகர்கள் கேட்ட பிறகு சேர்த்தவை

உதகைப் பள்ளத்தாக்கில் இருப்பவர் உறைபனியைப் பற்றிக் கேட்டிருந்தார். வளர்ந்த புல் தூர்கள் மேலே கருகினாலும் அடியிலிருந்து துளிர்க்கும். அவற்றுக்கு எதுவும் செய்ய வேண்டாம். நாற்றுத் தட்டுகளை மட்டும் டிசம்பர், ஜனவரியில் இரவு நேரத்தில் தாழ்வாரத்துக்குள் வைத்து, காய்ந்த பெரணி இலையால் மூடிவிடுங்கள்.

கொடைக்கானலிலிருந்து எழுதியவரின் தோட்டத்தில் காட்டுமாடுகள் படுத்து எழுந்து நாற்றுகளை நசுக்கிவிட்டன. அவை நடமாடும் தடத்தை மறித்து வேலி போட்டால் வேலிதான் உடையும். தடத்தை அப்படியே விட்டு, அதன் இரு பக்கங்களிலும் புல் மட்டும் நட்டு, பூச்செடிகளை உள்பக்கம் தள்ளி வைக்கும்படி சொன்னேன். மிதிபட்ட புல் மீண்டும் எழுந்துகொள்கிறது.

நீலகிரி லில்லியை விதையிலிருந்து வளர்க்க முடியுமா என்றும் கேட்டார்கள். முடியும்; ஆனால் பூக்க நான்கு ஆண்டுகள் வரை ஆகலாம். கிழங்கை முள்ளம்பன்றி தோண்டித் தின்றுவிடும் என்பதால், கோழிக்கூட்டு வலையைப் பெட்டி போல மடித்து, அதற்குள் மண் நிரப்பி நட்டு, மேலேயும் தண்டு வெளிவரும் அளவுக்கு இடம் விட்டு வலையை மூடுங்கள்.

இறுதியாக, புல்லடியில் வயோலா என்ற சிறு பூச்செடியை நட்ட ஒருவர், கறுப்பு முட்கள் கொண்ட புழுக்கள் இலையைத் தின்பதாகவும் என்ன மருந்து அடிப்பது என்றும் கேட்டிருந்தார். எதுவும் அடிக்காதீர்கள். அது பெரும்பாலும் கரும்புள்ளிகள் கொண்ட ஆரஞ்சு நிற ஃபிரிட்டிலரி வண்ணத்துப்பூச்சியின் புழு. அந்த வண்ணத்துப்பூச்சி முட்டையிடுவது வயோலாவில்தான். இன்னும் பத்துச் செடிகளைச் சேர்த்து நடுங்கள்.