மகன் சம்பளத்தைக் கூட்டியதுதான் தப்பு

சுங்கை சிப்புட்டில் எனக்குச் செம்பனைத் தோட்டத்து வேலை, மனைவி கேண்டீனில், வீட்டு வாடகையே கையைக் கடிக்கும், குறைந்த வருமானக் குடும்பங்களுக்கு மலேசிய அரசு தரும் எஸ்டிஆர் உதவிப் பணத்தைத்தான் நம்பியிருந்தோம். மனுவில் குடும்ப வருமானம் கேட்டதும், எங்களோடு இருக்கும் மூத்த மகனின் தொழிற்சாலைச் சம்பளத்தையும் கூட்டி எழுதிவிட்டேன், மொத்தம் 5,000 ரிங்கிட்டைத் தாண்டியது, மனு தள்ளுபடி. ரொம்ப வேதனையாகிவிட்டது.

அப்புறம்தான் விசாரித்தேன். இதில் குடும்ப வருமானம் என்றால் கணவன் மனைவி இருவருடையது மட்டும், வேலைக்குப் போகும் பிள்ளையுடையது சேராது! கல்யாணமாகாத அவன், 21 வயது ஆகி 2,500 ரிங்கிட்டுக்குள் சம்பாதித்தால், தனியாகவே மனு செய்யலாம்.

முறையீட்டுக் காலத்தில் தொகையைத் திருத்தி, எங்கள் இருவரின் சம்பளச் சீட்டை மட்டும் இணைத்தேன். சரி செய்துவிட்டார்கள். வந்த பணத்தில் முதலில் வாடகைப் பாக்கியைக் கட்டினேன்.