ஒரே வன்தட்டில் விண்டோஸும் லினக்ஸும்: இடம் பிரிக்கும் முறை

விண்டோஸ் ஏற்கெனவே இயங்கும் கணினியில் லினக்ஸையும் நிறுவ விரும்புவோர் ஒரு விதியை விடாமல் பிடித்துக்கொண்டால் பெரும்பாலான இழப்புகளைத் தவிர்த்துவிடலாம். வன்தட்டில் விண்டோஸ் இருக்கும் பகுதியை (பார்ட்டிஷன்) விண்டோஸைக் கொண்டே சுருக்க வேண்டும். லினக்ஸுக்கான பகுதிகளை லினக்ஸ் நிறுவியை (இன்ஸ்டாலர்) கொண்டே உருவாக்க வேண்டும்.

வேலையைத் தொடங்குமுன் முக்கியமான கோப்புகள் அனைத்தையும் வேறொரு வட்டில் நகலெடுத்து, அந்த நகல் திறக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். வட்டைக் குறியாக்கம் செய்து பூட்டும் விண்டோஸின் பிட்லாக்கர் வசதி இயங்கினால், அதன் 48 இலக்க மீட்புக் குறியீட்டை இந்தக் கணினிக்கு வெளியே குறித்து வைப்பது கட்டாயம். கணினி தொடங்கும் (பூட்) அமைப்பு மாறியதும் பிட்லாக்கர் அந்தக் குறியீட்டைக் கேட்கக்கூடும். அடுத்து, விண்டோஸின் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் வசதியை அணைத்துவிடுங்கள். அது இயங்கும்போது நாம் ஷட் டவுன் செய்தாலும் விண்டோஸ் முழுமையாக மூடப்படுவதில்லை. அதன் மைய நிரலான உட்கருவின் (கெர்னல்) நிலை வட்டில் சேமிக்கப்பட்டு, விண்டோஸின் கோப்பு முறையான என்டிஎஃப்எஸ் கொண்ட பகுதி பாதி திறந்த நிலையில் நிற்கிறது. அந்த நிலையில் லினக்ஸிலிருந்து அதில் எழுதினால் கோப்புகள் சிதையலாம்.

விண்டோஸ், கணினியைத் தொடக்கிவைக்கும் புதிய முறையான யூஇஎஃப்ஐயில் பூட் ஆகிறதா, பழைய பயாஸ் முறையிலா என்பதையும் சிஸ்டம் இன்ஃபர்மேஷன் திரையில் பார்த்துக்கொள்ளுங்கள். லினக்ஸ் நிறுவி உள்ள யூஎஸ்பியையும் அதே முறையில்தான் பூட் செய்ய வேண்டும். பகுதிகளின் விவரத்தைக் குறித்து வைக்கும் பழைய எம்பிஆர் அட்டவணை கொண்ட வட்டில் நான்கு முதன்மைப் பகுதிகளுக்கு மேல் இருக்க முடியாது. நான்கும் நிரம்பியிருந்தால், காலி இடம் எவ்வளவு இருந்தாலும் புதிய பகுதியை உருவாக்க இயலாது. புதிய வகை அட்டவணையான ஜிபிடி கொண்ட வட்டில், வழக்கமாக 128 பகுதிகள் வரை அனுமதிக்கப்படுவதால், இந்தச் சிக்கல் இல்லை.

இனி விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்ட்டைத் திறந்து, சி டிரைவின் மீது வலது கிளிக் செய்து, ஷ்ரிங்க் வால்யூமைத் தேர்ந்தெடுங்கள். அளவை எம்பியில் கேட்கும்; 60 ஜிபி வேண்டுமானால் 61440 என்று தர வேண்டும். உபுண்டுவுக்கு 25 ஜிபி போதும் என்பார்கள். அன்றாடம் பயன்படுத்தப் போகிறவர் அதைப்போல் இருமடங்கு ஒதுக்குவதே நல்லது என்பது என் கருத்து. காலி இடம் நிறைய இருந்தும் சிறிதளவே சுருக்க முடியும் என்று விண்டோஸ் சொன்னால் பதற வேண்டாம். நகர்த்த முடியாத சில கோப்புகள் பகுதியின் பின்பக்கத்தில் உட்கார்ந்திருப்பதே அதற்குக் காரணம். ஹைபர்நேஷன் (நிலையை வட்டில் சேமித்து அணைப்பது), பேஜ் ஃபைல் (நினைவகத்துக்குத் துணையான கோப்பு), சிஸ்டம் ரிஸ்டோர் (பழைய நிலைக்கு மீட்கும் வசதி) ஆகியவற்றைத் தற்காலிகமாக அணைத்து, கணினியை மறுதொடக்கம் செய்து மீண்டும் முயலுங்கள். கிடைத்த இடத்தில் புதிய டிரைவ் எதையும் உருவாக்காமல் அப்படியே காலியாக விட்டுவிடுங்கள்.

லினக்ஸ் நிறுவியில், வட்டு முழுவதையும் அழிக்கும் தேர்வைத் தொடாமல், பகுதிகளை நாமே அமைக்கும் தேர்வுக்குச் செல்லுங்கள். காலி இடத்தில் லினக்ஸின் கோப்பு முறையான ஈஎக்ஸ்டி4 வடிவத்தில் ஒரு பகுதியை உருவாக்கி, அதன் மவுண்ட் பாயின்ட்டாக (லினக்ஸில் அந்தப் பகுதி இணையும் இடம்) / குறியைத் தாருங்கள். உபுண்டு போன்றவை ஸ்வாப்புக்கு, அதாவது நினைவகம் போதாதபோது வட்டில் பயன்படுத்தும் இடத்துக்கு, ஒரு கோப்பையே பயன்படுத்துவதால் அதற்குத் தனிப் பகுதி அவசியமில்லை.

மிகுந்த கவனம் தேவைப்படும் இடம் ஈஎஃப்ஐ பகுதி. யூஇஎஃப்ஐ கணினியில் ஃபேட்32 வடிவில் சிறியதாக இருக்கும் அந்தப் பகுதியில்தான் விண்டோஸின் பூட் கோப்புகள் உள்ளன. லினக்ஸும் அதையே பகிர்ந்துகொள்ளும்; ஆனால் அதற்கெதிரே ஃபார்மட் குறி விழுந்திருந்தால் உடனே நீக்கிவிடுங்கள். எழுதத் தொடங்கும்முன் நிறுவி காட்டும் மாற்றங்களின் பட்டியலில் என்டிஎஃப்எஸ் பகுதியோ ஈஎஃப்ஐ பகுதியோ ஃபார்மட் ஆகப்போவதாக இருந்தால் பின்வாங்குங்கள். அதுவரை வட்டில் எதுவும் மாறியிருக்காது.

நிறுவிய பின் கணினி நேராக விண்டோஸுக்கே சென்றால், யூஇஎஃப்ஐ அமைப்பில் பூட் வரிசையை மாற்றி லினக்ஸை முதலில் வையுங்கள். கணினி தொடங்கும்போது இயங்குதளத்தைத் தேர்ந்தெடுக்க உதவும் கிரப் நிரலின் பட்டியலில் விண்டோஸ் தென்படாவிட்டால், பிற இயங்குதளங்களைத் தேடும் ஓஎஸ் புரோபர் அணைக்கப்பட்டிருக்கலாம், கிரப் 2.06 முதல் அது இயல்பாகவே அணைந்த நிலையில்தான் வருகிறது. அதை இயக்கிவிட்டு கிரப்பைப் புதுப்பித்தால் விண்டோஸ் பட்டியலில் சேர்ந்துவிடும்.